பரண்

செகாம்புட் மரவாடியில் காலை பத்தே கால்.
மழை விட்டும் தகரம் சொட்டிக்கொண்டிருந்தது.
கெம்பாஸ் கட்டை பாதி அறுபட்டபோது
வாள் ஒரு கெட்ட வார்த்தை சொன்னது.

கணு என்றால் முனகும்.
பிசின் என்றால் இழுக்கும்.
இரும்பு என்றால் இப்படி, ஒரே ஒரு தரம்.
நான்கு பல் போச்சு.
தவுக்கே கணக்குப்பொறியைத் தட்டினார்,
என் பக்கம் திரும்பாமல்.

உளி வைத்துத் தோண்டினேன்.
ஆணி.
ஒரு சாண் நீளம், தலை நசுங்கி.
சுற்றிலும் மரம் நீலமாய்க் கறுத்திருந்தது.
முழங்கை அளவு தள்ளி இன்னொன்று.
அப்புறம் இன்னொன்று.
பதினோராவதைப் பால்டின்னில் போட்டபோதுதான்
விளங்கியது,
இது ஏணி.

எவனோ இரவில் இதில் ஏறியிருக்கிறான்,
ஈரக் காலோடு,
துப்பாக்கியை வாரில் மாட்டி.
கீழே உப்புமண் நக்க வரும் ரூசாவுக்காகக்
கிளைமேல் பலகை போட்டு
கொசுக்கடியில் உட்கார்ந்திருக்கிறான்.
அவன் பரணையும் சேர்த்துத்தான்
லோரியில் ஏற்றி வந்திருக்கிறார்கள்.

சவரிமுத்து டயரில் சாய்ந்து
தே தாரிக் உறிஞ்சினான்.
"பரணெல்லாம் பழைய கதை.
இப்ப யாரு மரமேறுறா?"

பாதை வெட்டின முதல் வருசம்
மான் கூட்டமா வந்துச்சு, என்றான்.
மரம் விழுந்த எடத்துல வெயில் எறங்கி
தளிரா முளைக்குமே, அதுக்கு.
கொங்சியில சோறு திங்கையில
கிஜாங் குரைக்கும், நாய்னு நெனப்போம்.
ரெண்டாம் வருசம்
அதே பாதையில ஹைலக்ஸ் வந்துச்சு.
மூணாம் வருசம் குரைச்சது நாய்தான்.

மிச்சம் இருப்பவை
ஓடையை விட்டு, மேட்டை விட்டு,
தார்ச்சாலை தாண்டி,
கித்தாக் காட்டுக்கும் செம்பனைக்கும் நடுவில்
இருட்டில் மட்டும் நடக்கின்றனவாம்.
அங்கே தீனி இல்லை.
வேறு வழியும் இல்லை.

பிறகு நான் கேட்காமலே சொன்னான்.
பாரம் ஏற்றி இறங்கும்போது
விளக்கை அணைத்த ஹைலக்ஸ் ஒன்று
பின்னால் ஒட்டிக்கொண்டே வரும்.
லோரியின் பெரிய வெளிச்சத்தில்
மான் கண் பச்சையாய் எரிந்து
நகராமல் நிற்கும்.
இவன் பிரேக் போடுவான்.
மீதி அவர்கள் வேலை.
ஒரு நிறுத்தத்துக்கு ஐம்பது வெள்ளி.
"நான் சுடல, குணாளா.
நிறுத்துறது மட்டும்தான்."

ஒரு ராத்திரி, குட்டியோடு ஒன்று.
பிரேக்கை மிதிக்கவில்லை,
விளக்கை அணைத்தானாம்.
மலைச்சரிவில் முப்பது டன் மரமும் அவனும்,
எண்ணிப் பார்த்ததில் ஏழு விநாடி.
மறுபடி போட்டபோது
வெறும் ரோடு, வெறும் மழை.
ஏன் அணைத்தேன் என்று தெரியவில்லை என்றான்.
அடுத்த வாரம் மறுபடி நிறுத்தினேன் என்றும் சொன்னான்.

நான் ஒன்றும் சொல்லவில்லை.
போன தீபாவளிக்கு அவன் தந்த பையில்
இறைச்சி கருஞ்சிவப்பாய் இருந்தது.
ஆடு என்றான்.
ஆடு என்று நம்பும் அளவுக்கு
மிளகு போட்டாள் நாகேஸ்வரி.
இரண்டு தரம் சோறு வாங்கினேன்.

மதியம் அடுத்த கட்டை.
ஆணி இருக்கிறதா என்று
பட்டையைத் தடவிக்கொண்டே போனேன்.
காட்டுச் சேறு, காய்ந்து வெடித்த மஞ்சள் மண்.
அதில், இரண்டாய்ப் பிளந்து,
என் பெருவிரல் அளவே ஆன குளம்புத் தடம்.

வெட்டிப் போட்ட இரவில்
ஏதோ ஒன்று இதன்மேல் ஏறி நின்று
பார்த்திருக்கிறது,
எந்தப் பக்கம் போவதென்று.

கொம்யூட்டர் ரயில் கடந்தது.
எதிரே மோண்ட் கியாரா மாடிகளில்
யாரோ சன்னலைச் சாத்தினார்கள்,
எங்கள் சத்தம் பொறுக்காமல்.

மண்ணோடு அறுத்தால் வாள் மழுங்கும்.
குழாயைத் திறந்தேன்.